ஒரு பெயரைச் சேர்க்க டெல்லிக்குப் போனேன்

நான் டெல்லிக்குப் போனது குதுப்மினார் பார்க்க இல்லை. என் மகள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றில் அவளுடைய பேராசிரியரின் பெயரையும் சேர்த்துவிடும்படி அவளிடம் கெஞ்சப் போனேன். பெயர் சேரவில்லை. நான் செய்து வைத்த காரியத்துக்கு அவள் படிப்பே போயிருக்க வேண்டும், ஏதோ போகவில்லை. ஊர் திரும்பி மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அந்த ஓட்டத்துக்கு நடுவில் எழுதுவதால் குதுப்மினாரை எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்க வேண்டும்.

கோவில்பட்டியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம். நோட்டீஸ், பில் புத்தகம் எல்லாம் அடித்தாலும் சோறு போடுவது கல்யாணப் பத்திரிகைதான். பத்திரிகையில் மணமக்களுக்கு இரண்டு வரி. மீதி இடம் முழுக்கப் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன். பெயர் விடுபட்ட சித்தப்பா கல்யாணத்துக்கு வர மாட்டார். வந்தால் இன்னும் ஆபத்து. இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். கோபக்கார சித்தப்பாவுக்காக ஐம்பது கார்டு தனியாக அடித்துவிடுவேன். கோத்து வைத்த எழுத்தில் ஒரு வரியைத் தூக்கி மேலே வைத்தால் முடிந்தது. அந்த ஐம்பதில் அவர் பெயர் முதலில் இருக்கும். அவர் தெருவில் மட்டும் அந்த ஐம்பதைக் கொடுப்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் இதனால் உடையாமல் இருக்கின்றன.

என் மகள் செண்பகம், வீட்டில் செம்பா, டெல்லியில் கொசுவைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "கொசுவுக்கு டெல்லி வரைக்கும் போகணுமா, நம்ம ஊருச் சாக்கடை பத்தாதா?" என்று என் மைத்துனர் கேட்டார். அவளிடமிருந்து மார்கழியில் ஒரு கடிதம் வந்தது. வானிலை அறிக்கை வாசிக்கிற தொனியில் எழுதியிருந்தாள். குளிர் தொடங்கிவிட்டது. கட்டுரை எழுதி முடித்துவிட்டேன். அதில் தன் பெயரை முதலில் போட வேண்டும், அதுதான் துறையின் வழக்கம் என்று சார் சொல்கிறார். நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஃபெலோஷிப் உதவித்தொகையை இன்னொரு வருஷத்துக்கு நீட்டிக்க வேண்டிய தாள் அவர் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. ஃபெலோஷிப் நின்றால் படிப்பும் நிற்கும். அம்மாவிடம் எலுமிச்சை ஊறுகாய் கேட்டேன் என்று சொல்லவும்.

என் மனைவி கடிதத்தை மடித்தாள். "பெரிய மனுசன் பேரு. போட்டா மை தீர்ந்தா போயிரும்? நீங்களே போயி அவளுக்குச் சொல்லிட்டு வாங்க."

ஊறுகாய் ஜாடியோடு ரயில் ஏறினேன்.

ரயிலில் எதிரே இருந்தவர் மத்திய சர்க்கார் ஆபீஸில் வேலை பார்ப்பவர், கும்பகோணத்துக்காரர். "டெல்லியிலே யாரையும் நம்பாதேள், என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு என் இட்லிப் பொட்டலத்தில் பாதியைச் சாப்பிட்டார். நம்பியது என் தப்பு. ஆக்ராவில் பூசணிக்காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துத் துண்டு துண்டாக விற்றார்கள். நாங்கள் நடுத்தெருவில் போட்டு உடைக்கிற காயை இவர்கள் அட்டைப் பெட்டியில் வைத்து உறவினர்களுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

டெல்லியில் இறங்கியதும் முதலில் தெரிந்தது, மைத்துனரிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர் கோவில்பட்டிக் குளிருக்குத் தைத்தது என்பது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. செம்பா ஒரு குரங்குக் குல்லாயோடு வந்திருந்தாள். அதை என் தலையில் மாட்டிவிட்டு, "இப்பதாம்ப்பா டெல்லிக்காரர் மாதிரி இருக்கீங்க" என்றாள். ஆட்டோக்காரர் எங்களை ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய மேம்பாலங்கள் எல்லாவற்றின் மேலும் ஏற்றி இறக்கினார். வெளியூர்க்காரருக்குச் சுற்றிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். மீட்டருக்காக என்று செம்பா அப்புறம் சொன்னாள்.

அவள் இருப்பது முனிர்காவில். பக்கத்தில் பெரிய பெரிய கல்லூரி வளாகங்கள். முனிர்கா மட்டும் எருமை மாடுகளோடும் வறட்டி தட்டிய சுவர்களோடும் கிராமமாகவே இருக்கிறது. சந்துக்குள் நாங்கள் நுழைந்தபோது எதிரே ஓர் எருமை வந்தது. எங்கள் ஊர் எருமை மனிதனைப் பார்த்தால் யோசிக்கும். இது யோசிக்கவில்லை. நாங்கள்தான் ஒரு தையல் கடைக்குள் ஒதுங்கினோம்.

வீட்டுக்காரக் கிழவர் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ஹூக்கா இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இந்தியில் ஏதோ நீளமாகக் கேட்டார்.

"என்ன சொல்லுதாரு?"

"உங்க பொண்ணு ரெண்டு வருசமா எங்க தெருவுல ஒவ்வொரு வீட்டுக் கூலருக்குள்ளயும் தலையை விடுதா. என்ன தேடுதா, புதையலான்னு கேக்காரு."

கூலர் என்பதை நம் பக்கத்தில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பீரோ அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. மூன்று பக்கமும் புல் தட்டி. அடியில் தண்ணீர் தேங்கும். மோட்டார் அதை மேலே ஏற்றித் தட்டியில் வழியவிட, நடுவில் ஒரு பெரிய மின்விசிறி சுற்றும். கோடையில் டெல்லிக்காரர்களுக்குக் குளிர்ந்த காற்று, கொசுவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. செம்பா இரண்டு கோடையாக வீடு வீடாகப் போய், அம்மா கொடுத்தனுப்பிய ரசக் கரண்டியால் அந்தத் தண்ணீரை மொண்டு புழுக்களை எண்ணியிருக்கிறாள். குடும்பக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சிலர் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவள் கண்டுபிடித்தது ஒரு சின்ன விஷயம். குளிர்காலத்தில் தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் போதாது. காய்ந்த தகரத்தில் முட்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த கோடையில் முதல் குடம் தண்ணீர் ஊற்றியதும் பொரித்துவிடும். சுரண்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அன்று சாயங்காலமே மொட்டைமாடியில் சாக்கு போர்த்தி வைத்திருந்த கூலரைத் திறந்து, உள்ளே தலையை விட்டு ஒரு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, டார்ச்சைக் கொஞ்சம் பிடிக்கீங்களா?"

எனக்குக் குளிர். முழங்கால் வேறு. "நீயே பிடிச்சுக்கோ தாயி" என்று சொல்லிவிட்டுக் கம்பளிக்குள் போய்விட்டேன். இந்த டார்ச் விஷயம் பின்னால் வரும்.

மறுநாள் அவளுடைய ஆய்வகத்தைப் பார்த்தேன். பீங்கான் தட்டுகளில் தண்ணீர், தண்ணீரில் புழு. நெளிந்துகொண்டிருந்த அவற்றுக்கு அவள் பிஸ்கட் தூள் போட்டாள். என் பெண் எனக்குக் கடிதம் எழுத நேரமில்லாமல் போனது யாரால் என்று தெரிந்தது. மதியம் வளாகத்துக்கு வெளியே ஒரு டாபாவில் சாப்பிட்டோம். ராஜ்மா என்று சிவப்பாகப் பெரிய அவரை விதைக் குழம்பு, சோறு, பக்கத்தில் பச்சை முள்ளங்கி. முள்ளங்கியை இவர்கள் வேகவைக்க நினைப்பதே இல்லை. தட்டு காலியாகும்வரை பொறுத்திருந்து நான் பேச்சை எடுத்தேன்.

"அம்மா என்ன சொன்னா?" என்று அவளே கேட்டாள்.

"பேரைப் போட்டா மை தீர்ந்தா போயிரும்னு கேட்டா."

சிரித்தாள். "அப்பா, கட்டுரை போடுத பத்திரிகைக்காரங்க இப்பப் புதுசா ஒரு தாள் அனுப்புதாங்க. கட்டுரை மேல பேரு இருக்குற ஒவ்வொருத்தரும் அதுல கையெழுத்துப் போடணும். இந்த வேலையில எனக்குப் பங்கு இருக்கு, இதுல தப்பு வந்தா நான் பதில் சொல்லுதேன்னு."

"சரி, போடட்டுமே. அவரு போட மாட்டேங்காரா?"

"போடுதேங்காரு. அதாம்ப்பா பிரச்சினை."

எனக்குப் பிடிபடவில்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். "அவரு ஒரு கூலரைத் திறந்து பாக்கலை. கட்டுரையைப் படிக்கக்கூட இல்லை. தலைப்பைப் பாத்துட்டு, என் பேரு எங்கன்னாரு. நாளைக்கு ஒருத்தன் எந்திரிச்சு இந்த எண்ணிக்கை தப்புன்னு எழுதுவான். அப்ப வந்து நிக்கிறவங்க பேருதான் மேல இருக்கணும்."

"அவரு இல்லாம ஆய்வகம் ஏது?"

"அதுக்கு நன்றி சொல்லக் கடைசியில தனி இடம் இருக்குப்பா. தாராளமா போடுதேன். அவருக்கு அது வேண்டாமாம்."

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள். கட்டுரை வெளியானால் அதை மட்டும் தனியாக அடித்து, எழுதியவருக்கு ஐம்பது பிரதி அனுப்புவார்களாம். ஐம்பது என்ற எண்ணைக் கேட்டதும் என் தொழில்புத்தி எழுந்து உட்கார்ந்தது.

"செம்பா, அதுல ஒண்ணை எனக்கு அனுப்பு. அதே மாதிரி எழுத்து கோத்து, அவரு பேரை முதல்ல போட்டு, அவருக்குன்னு ஒரு அம்பது நான் அடிச்சு..."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "மெதுவாப் பேசுங்கப்பா. பக்கத்து மேசையில எல்லாரும் ஆராய்ச்சி பண்ணுதவங்க. இன்னைக்கே உங்ககிட்ட ஆர்டர் கொடுத்துருவாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "விளையாட்டுக்குத்தான சொல்லுதீங்க?"

"பின்னே?" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

திரும்பி நடக்கும்போது அவள் வாயிலிருந்தே எனக்கு அடுத்த வழி கிடைத்தது. பேராசிரியரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தானாம். ஒரே மகளுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. டெல்லியில் நல்ல தமிழ் எழுத்தில் பத்திரிகை அடிக்க ஆள் கிடைக்காமல் அலைகிறாராம்.

"ஓகோ" என்றேன்.

"அப்பா, நீங்க அங்க போகக் கூடாது."

"நான் எதுக்குப் போறேன்? நாளைக்கு மந்திர் மார்க் பக்கம் கோயில் பாக்கப் போறேன்."

மறுநாள் மோதி பாக் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் ஊரில் கண்டக்டர் நம்மைத் தேடி வருவார். கூட்டத்தில் நெளிந்து வந்து காலை மிதித்தாவது டிக்கெட் கொடுப்பார். டெல்லிக் கண்டக்டர் பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். நாம்தான் அவரிடம் போக வேண்டும். இது எனக்குத் தெரியாது. முன்னால் போய் உட்கார்ந்து, கையில் சில்லறையை வைத்துக்கொண்டு, என்ன இன்னும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் டிக்கெட் பரிசோதகர். கையிலிருந்த சில்லறையைக் காட்டினேன். லஞ்சம் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அப்போது பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். கையில் தூக்குவாளி, ஆண்கள் போடும் பழைய கோட்டு. பரிசோதகரிடம் இந்தியில் படபடவென்று பொரிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, பாத்தா வாத்தியாரு மாதிரி இருக்கே. வண்டி ஏறினா சீட்டு வாங்கணும்னு தெரியாது? பொண்டாட்டியோட கோச்சுக்கிட்டு ஊரை விட்டு வந்தவருன்னு சொல்லி வெச்சிருக்கேன். மூஞ்சியக் கொஞ்சம் பாவமா வெச்சுக்க."

அதற்கு நான் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அபராதம் இல்லாமல் இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாளும் அதே நிறுத்தத்தில் இறங்கினார். விழுப்புரம் பக்கம். மோதி பாக் குவார்ட்டர்ஸில் மூன்று நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாராம். பேராசிரியர் வீட்டுத் தெரு வரைக்கும் கூடவே வந்தார்.

"என்ன விசயமா வந்தே?"

"ஒரு பேரு சேக்கணும்."

"ரேசன் கார்டுலயா? எம் மருமவ பேரைச் சேக்க நானும் அலையா அலையுறேன். அவ புள்ள பெத்து அது நடக்கவும் ஆரம்பிச்சிருச்சு, பேரு சேந்தபாடில்ல. உனக்கு யாராச்சும் சேத்து விட்டா எனக்கும் சொல்லு."

வரிசையாக ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள். பேராசிரியர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகை. அவர் பெயர், அதற்குப் பின்னால் பட்டங்கள் கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டு போயின. கதவைத் திறந்தவர் அவர் மனைவி கோமதி அம்மாள்.

"கோவில்பட்டியில அச்சகம் வச்சிருக்கேன். இங்க கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழ் அச்சு தேடுதீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் பாக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

"கோவில்பட்டியா? வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க. அச்சா, அச்சா, செருப்பு இருக்கட்டும், தரை ஜில்லுனு இருக்கும்." முப்பது வருஷ டெல்லிக்கு அடியில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. காபி வந்தது, நம்ம ஊர்ப் பலகாரமான முந்திரிக்கொத்து வந்தது. அந்த அம்மாளுக்கு ஓர் அமைச்சக அலுவலகத்தில் வேலை. அன்றைக்குக் கல்யாண வேலைக்காக லீவு. வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

"எனக்கு அலாட் ஆன குவார்ட்டர்ஸ் அண்ணாச்சி. பலகையைப் பாத்தா தெரியாது." தட்டை என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோங்க."

பேராசிரியர் உள்ளிருந்து வந்தார். கம்பளிச் சால்வை, சாந்தமான முகம். நான் மனதுக்குள் செதுக்கி வைத்திருந்த ராட்சசன் எங்கே போனான் என்று தெரியவில்லை. கையால் எழுதிய பத்திரிகை வாசகத்தை என்னிடம் கொடுத்தார். படிக்கிறபோது அவர்கள் மகள் ரேணு தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். "அங்கிள், இதுல என் பேரு எங்க இருக்கு?" என்றாள். தொட்டுக் காட்டினேன். "இவ்ளோ சின்னதா? அப்போ மீதியெல்லாம் யாரு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். முப்பது வருஷமாக நான் கேட்காத கேள்வி.

வாசகத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் விரல் பெயர் வரிசையில் இறங்கியது. "பெண்ணுக்குச் சித்தப்பா, பெரியப்பா யாரும் இல்லையா சார்?"

கோமதி அம்மாள் காபித் தம்ளரைப் பார்த்தார்.

"தம்பி ஒருத்தன் இருக்கான்" என்றார் பேராசிரியர். "பேரு போடலை."

"ஒரு வரிதானே சார். போட்டு விடுங்க. எழுத்து கோக்கிறவனுக்கு ரெண்டு நிமிச வேலை. மையா தீரப் போகுது?" என் மனைவியின் வசனம் தானாக வந்தது.

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அண்ணாச்சி, எங்க அம்மா படுத்த படுக்கையா கெடந்தப்ப அவன் எட்டிப் பாக்கலை. இந்தப் பொண்ணு படிப்புக்கோ கல்யாணத்துக்கோ ஒரு துரும்பைத் தூக்கிப் போடலை. இப்பப் பத்திரிகையில பேரு எங்கன்னு ஆள் விட்டுக் கேக்கான். நான் எதுக்குப் போடணும்?"

"சபைக்கு ஒரு அழகு..."

"அழகுக்கா பேரு போடுதாங்க? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல ஒரு பேச்சு வந்தா, வந்து நிக்கிறவன் பேருதான் அங்க இருக்கணும். மத்தவனுக்கு அங்க என்ன வேலை?"

நான் முந்திரிக்கொத்தை மெல்வதை நிறுத்திவிட்டேன். டாபாவில் முள்ளங்கித் தட்டுக்கு மேலே நேற்றுக் கேட்ட அதே வாக்கியம். எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் என் பெண்ணின் படிப்பு போய்விடும். சிரிப்பை அடக்க முந்திரிக்கொத்தை விழுங்கப் போய்ப் புரையேறிவிட்டது. கோமதி அம்மாள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்:

"டெல்லியில யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க அண்ணாச்சி?"

பாக்கி வைத்த உண்மை முன்னால் வந்து நின்றது. கோயில் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கோயில் பொய்தான் என்னால் முடியும்.

"மக இங்க படிக்கா. செண்பகம்னு பேரு. சார்கிட்டத்தான் ஆராய்ச்சி பண்ணுதா."

பேராசிரியரின் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"யாரு, நம்ம கூலர் பொண்ணா?" கோமதி அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "போன வெயில்ல இங்க வந்தாளே. நாந்தான் பின்பக்கம் கூட்டிட்டுப் போயிக் கூலரைத் திறந்து விட்டேன். ரசக் கரண்டி வச்சு மொண்டா. நம்ம வீட்டுலதான் நிறையப் புழுன்னு சொன்னா. இவரு உள்ள தூங்கிட்டு இருந்தாரு." பிறகு கணவரைப் பார்த்தார். "கட்டுரை எழுதிட்டாளா அவ?"

"எழுதிட்டா" என்றார் அவர்.

"நீங்க படிச்சீங்களா?"

அவர் பத்திரிகை வாசகத்தை என் கையிலிருந்து வாங்கி, தம்பி பெயர் இல்லாத இடத்தில் விரலை வைத்தார். நான் எழுந்தேன். வாசல் வரைக்கும் வந்தவர், கதவைப் பிடித்தபடி, "நாளைக்கு உங்க பொண்ணை வந்து என்னைப் பாக்கச் சொல்லுங்க" என்றார். நல்லதற்கா கெட்டதற்கா என்று அந்த முகத்தில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கக் கிடைக்கவில்லை.

கேட் பக்கம் வந்தபோது கோமதி அம்மாள் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தோடு ஓடி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணாச்சி, கொழுந்தன் பேரைச் சேத்து ஒரு அம்பது கார்டு மட்டும் தனியா அடிக்க முடியுமா? இவருக்குத் தெரிய வேண்டாம்."

அறைக்குத் திரும்பியதும் செம்பா கேட்டாள்: "சாமி தரிசனம் எப்படி?"

"நல்ல கூட்டம்."

அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "டெல்லிக் கோயில்ல முந்திரிக்கொத்தா பிரசாதம் கொடுக்காங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டெல்லியில் குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற சிவப்புக் கேரட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சீவிக்கொண்டே இருந்தாள். ஒரு குடும்பத்துக்கு வேண்டியதை விட அதிகமாகச் சீவினாள். கடைசியில், "அப்பா, இப்ப அவரு என்ன நெனப்பாரு? அப்பாவை விட்டுத் தூது அனுப்பிட்டான்னு. நான் சொன்னதுக்கு இனிமே என்ன மதிப்பு?" என்றாள்.

நான் யோசித்ததெல்லாம் தாளில் கையெழுத்து விழுமா என்பதுதான். அவள் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு, அதையும் நான் கையோடு மோதி பாக் கொண்டுபோய்ச் செலவு செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவள் துறைக்குள் போனாள். நான் வெளியே ஒரு வண்டிக்காரரிடம் நின்றேன். கரியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கி, எலுமிச்சையும் காரப்பொடியும் போட்டுத் தொன்னையில் கொடுத்தார். நம் ஊரில் கிழங்குக்கு வெல்லம்தான் போடத் தோன்றும். ஒன்று சாப்பிட்டேன். அவள் வரவில்லை. இன்னொன்று சாப்பிட்டேன். வண்டிக்காரர் கேட்காமலே அடுத்ததை நறுக்கத் தொடங்கிவிட்டார். கிழங்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார். பயத்தில் எனக்குப் பசிக்கும்.

செம்பா வந்தபோது கையில் கட்டுரை இருந்தது. ஓரமெல்லாம் சிவப்பு மை.

"திருப்பிக் கொடுத்துட்டாரா?"

"படிச்சிருக்காருப்பா. முழுசா." அவளுக்கே நம்ப முடியவில்லை. "ரெண்டு இடத்துல கேள்வி கேட்டிருக்காரு. ஒண்ணு நல்ல கேள்வி. எனக்கே பதில் தெரியலை. திரும்ப எண்ணிப் பாக்கணும்."

"பேரு?"

"மேல அவரே எழுதி வச்சிருந்த தன் பேரை அவரே கோடு போட்டு அடிச்சுட்டாரு. இதுக்கு யாராவது கேட்டா என்னால பதில் சொல்ல முடியாதுன்னாரு."

"ஃபெலோஷிப்?"

தாளைக் காட்டினாள். கையெழுத்து இருந்தது. நான் தொன்னையோடு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னொண்ணும் சொன்னாரு. உங்கப்பாவுக்கு முந்திரிக்கொத்து ஆகாது, பாத்து சாப்பிடச் சொல்லுன்னாரு."

முந்திய நாள் நான் கிளம்பிய பிறகு அந்த வீட்டில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொல்லவும் மாட்டேன். அவரிடம் படிக்கிற மற்றப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அவர் பெயர் வழக்கம்போல முதலில்தான் வருகிறது என்று கேள்வி. அவர்கள் அப்பாக்களுக்கு அச்சகம் இல்லை போலும்.

ரேணுவின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்தேன். தனியாக ஐம்பது அடித்தேனா என்று கேட்காதீர்கள். இதைச் செம்பா படிப்பாள்.

கட்டுரை வந்த இதழைப் போன வாரம் தபாலில் அனுப்பியிருந்தாள். சைக்கிள் மணி கேட்டு வழக்கம்போல வாசலுக்கு ஓடி, அங்கேயே நின்று பிரித்தேன். முதலில் அச்சுக்காரனாகப் பார்த்தேன்: நல்ல காகிதம், ஓரம் சீராக விட்டிருக்கிறார்கள். பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நன்றி சொல்லும் இடத்தில், ஆய்வகம் தந்ததற்காகப் பேராசிரியருக்கு ஒரு வரி. அதற்குக் கீழே, தம் வீட்டுக் கூலரைத் திறந்து காட்டியதற்காகத் திருமதி கோமதிக்கு ஒரு வரி. அந்த இதழைக் கோமதி அம்மாள் மோதி பாக்கில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினாராம். வாசல் பலகையில் தம் பெயரையும் சேர்க்க ஆர்டர் கொடுத்திருக்கிறாராம்.

அப்புறம் முதல் பக்கம். கட்டுரையின் தலைப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு பெயர். அவள் பெயர்.

பிழை திருத்துகிற பழக்கத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. என் பெயரின் முதலெழுத்து. எல்லாருக்கும் முன்னால், முதல் இடத்தில், நான் நிற்கிறேன். நான் ஒரு கூலரைத் திறந்ததில்லை. டார்ச் பிடிக்கச் சொன்னபோது கம்பளிக்குள் போனவன். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவும் இல்லை.

மனைவியிடம் காட்டினேன். "எழுதிக் கேட்டு எடுத்துறச் சொல்லுவமா?" என்றேன்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த எழுத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். "நாளைக்கு எவனாவது எண்ணிக்கை தப்புன்னு எழுதினா, ரயிலேறிப் போயி நிக்கப் போறது நீங்கதான?"

குரங்குக் குல்லாயைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.